டீச்சர் வரிசை

இருதயபுரம் கோயிலில் நன்மை வாங்குவதற்கு முந்தியெல்லாம் ஒரே வரிசைதான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் கோதுமை அப்பத்தைக் கையில் ஏந்தி, இயேசு கடைசி இரவில் சொன்ன வார்த்தைகளைச் சொன்ன பிறகு அது அப்பமாக இருப்பதில்லை, ஆண்டவரின் உடலாகிவிடுகிறது என்பது அவர்கள் விசுவாசம். அதை உட்கொள்வதற்குத்தான் நன்மை வாங்குவது என்று பேர். காசு அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டம். உப்பும் கிடையாது, இனிப்பும் கிடையாது. ஆனால் அதை வாங்க நிற்கும்போது இருதயபுரத்துக்காரர்கள் ரேஷன் கடையில் ஒருநாளும் காட்டாத ஒழுங்கைக் காட்டுவார்கள்.

போன கார்த்திகையில் அந்த ஒரு வரிசை இரண்டானது. பங்குச் சாமியார் ஃபாதர் தைரியநாதனுக்கு ஞாயிறு காலைக்குள் மூன்று ஊர்களில் பூசை வைக்கவேண்டியிருந்தது. இந்த ஊர்ப் பூசை முடிந்து அவருடைய பைக் கிளம்பி, பொம்மிடி ரயில்வே கேட் மூடியிருந்து, அடுத்த ஊர் போய்ச் சேர்வதற்குள் அங்கே பாடகர் குழு எல்லாப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால் ஊருக்கு ஒரு ஆளை நன்மை கொடுக்கும் பணிக்குத் தேர்ந்தெடுத்து, பயிற்சிக்கு அனுப்பி, ஆயரிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். இருதயபுரத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது அங்கன்வாடி டீச்சர் அமலோற்பவத்தை.

அதைப் பீடத்திலிருந்து அறிவித்த அன்று, பூசை முடிந்து வேப்பமரத்தடியில் எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, அமலோற்பவத்தின் வீட்டுக்காரர் மதலைமுத்து வாயைத் திறந்தார்.

"வூட்ல மூணு வேளையும் இவ கையிலதான் வாங்கித் திங்கறேன். வாரத்துல ஒருநாளாவது வேற கையில திங்கலாம்னு கோயிலுக்கு வந்தா, இங்கயும் இவளேயா?"

வேப்பமரமே குலுங்குகிற மாதிரி சிரிப்பு.

மதலைமுத்து பொம்மிடியிலிருந்து அரூர் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். படியில் தொங்குகிறவனைப் பார்த்து, "உள்ள வாங்க மாப்ளே, படிக்கட்டு என்ன உங்க மாமனார் வெச்ச சீதனமா?" என்பார். அந்த வாய்க்காகவே முன்னால் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பவர்கள் உண்டு. வீட்டிலும் அதே கதைதான். சாம்பார் நன்றாக இருந்தால், "யார் வூட்டுது?" என்று கேட்பார். அமலோற்பவமும் சும்மா இருப்பவள் அல்ல. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பாள். அவள் பேச்சுக்கு அங்கன்வாடிப் பிள்ளைகள் தூங்கிவிடும். தாய்மார்கள்தான் விழித்திருந்து கேட்பார்கள்.

ஆனால் அன்று வேப்பமரத்தடியில் அவள் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து அவள் வெளியே சொல்லாத பயம் ஒன்று இருந்தது. அங்கன்வாடியில் பிள்ளைகள் போன பிறகு, சின்ன அப்பளத்தை இரண்டு விரலால் எடுத்து எடுத்துப் பழகியிருந்தாள். கை நடுங்கியது. முட்டை உரிக்கிற, மூக்குத் துடைத்துவிடுகிற, கோபம் வந்தால் பாத்திரத்தை எறிகிற இந்தக் கையாலா என்று நினைத்து நினைத்துத்தான் நடுங்கியது. 'இங்கயும் இவளேயா' என்று ஊர் முன்னால் அவர் கேட்டது அந்த நடுக்கத்தின் மேலேயே போய் விழுந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். மதலைமுத்து, நல்ல பகடி என்ற திருப்தியோடு பின்னால் வந்தார்.

முதல் ஞாயிறு ஃபாதரின் வரிசை வாசல்வரை நின்றது. அமலோற்பவத்தின் முன்னால் அந்த வருஷம்தான் முதல்முதலாக நன்மை வாங்கத் தொடங்கிய நாலைந்து பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். எல்லாம் அவள் கையில் முட்டை வாங்கித் தின்று வளர்ந்தவை. பொம்பளை கையிலா, சேலை கட்டிய சாமியாரா என்று பெரியவர்கள் தயங்கினார்கள். ஃபாதர் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார், பலனில்லை. ஆனால் இந்த வரிசையில் நின்றால் சீக்கிரம் முடியும், முடிந்தால் கறிக்கடையில் நல்ல துண்டாகக் கிடைக்கும் என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. பிரசங்கம் செய்யாததைக் கறிக்கடை செய்தது. கிறிஸ்துமஸுக்குள் இரண்டு வரிசையும் சமமாகி, இதற்கு 'டீச்சர் வரிசை' என்று பேரும் வந்துவிட்டது.

மாறாத ஆள் ஒருவர்தான். டீச்சர் வரிசையில் இரண்டே பேர் மிச்சமிருந்து, ஃபாதர் வரிசை சுவரோரம் வளைந்து நின்றாலும் மதலைமுத்து அந்த வளைவில்தான் நிற்பார்.

"என்ன மதலை, எக்ஸ்பிரஸ் காலியா நிக்குது, நீ பாசஞ்சர்ல போய் ஏர்ற?" என்று கேட்டார்கள்.

"நமக்குப் பழகுன வண்டிங்க," என்பார்.

அப்படியே மாசி வந்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய புளியமரம் ஒன்று உண்டு. "புளி உலுக்கற தீர்த்தகிரிகிட்ட சொல்லியிருக்கேன். நீங்க மேல ஏறாதீங்க," என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் அங்கன்வாடிக்குப் போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் மதலைமுத்து ஏறினார். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள், அங்கன்வாடிக்கு ஓடிவந்து வாசலில் நின்று சேதி சொன்னாள்.

"அமலு, புளி வுழுந்துச்சு. கூடவே உங்க வூட்டுக்காரரும் வுழுந்துட்டாரு."

தருமபுரி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகிற வழியெல்லாம் அமலோற்பவத்துக்கு உயிரே இல்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. கால் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட வந்த டாக்டரைக் கண்டதும் மதலைமுத்து வழக்கம்போல் ஆரம்பித்தார். "டாக்டர், கட்டு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா? தொடை வரைக்கும்னா லக்கேஜ் சார்ஜும் போடுவீங்களா?"

வழியெல்லாம் அடக்கிவைத்த பயம் அமலோற்பவத்துக்கு அந்த நிமிஷம் கோபமாகப் புரண்டது.

"டாக்டர், மாவு மீந்தா அந்த வாய்க்கும் ஒரு கட்டு போட்டுவுடுங்க. அது ஒடஞ்சு ரொம்ப நாளாச்சு."

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்து, வலித்து, மறுபடி சிரித்தார். மதலைமுத்து மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் பஸ் நிறைய ஆட்களைச் சிரிக்க வைத்தவருக்கு, பஸ் நிறைய ஆட்கள் தன்னைப் பார்த்துச் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மூடிய வாய் வீட்டுக்கு வந்த பிறகும் திறக்கவில்லை. ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து, குவியலாகக் கிடந்த புளியை ஓடு நீக்கிக்கொண்டே இருந்தார். தட்டை வைத்தால் எடுத்தார், தின்றார், தள்ளிவைத்தார். ஒருநாள் அமலோற்பவம் உப்புப் போட மறந்துவிட்டாள். ஒரு சொல் இல்லை. மறுநாள் வேண்டுமென்றே போடாமல் விட்டாள், அப்போதும் இல்லை. சேலத்தில் நர்சிங் படிக்கிற மகள் சந்தியா போன் பண்ணும்போது மட்டும் இரண்டு பேரும் மாறிமாறி நன்றாகப் பேசினார்கள். போனை வைத்ததும் வீடு மறுபடி மாவுக்கட்டுப் போட்டது போல இறுகிவிடும்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கலாம் என்று அடுப்படியிலிருந்து ஹால்வரை இரண்டு மூன்று தடவை வந்தாள். வேப்பமரத்தடியில் அவரு பேசுனதுக்கு யாரு மன்னிப்புக் கேட்டா என்ற எண்ணம் வாசற்படியிலேயே வந்து வழிமறிக்கும். திரும்பிவிடுவாள்.

இதற்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு நன்மையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் அமலோற்பவத்தின் வேலை. பூசை முடிந்ததும் ஃபாதர் ஒரு சின்னச் சிமிழில் அதை வைத்துக் கொடுப்பார். பட்டுத்துணிப் பைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டி, நெஞ்சோடு கைவைத்து அவள் நடப்பாள். சாமியைக் கொண்டுபோகும்போது வழியில் பேச்சு வைத்துக்கொள்வதில்லை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மொத்தப் பயிற்சியிலும் அவளுக்குச் சிரமமாக இருந்தது அது ஒன்றுதான். 'டீச்சர் பேசாம வர்றாங்களா, அப்பக் கழுத்துல சாமி இருக்குது' என்று ஊருக்கே பழகிவிட்டது. டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து சிலுவை போடுவார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வண்டியை ஓரங்கட்டி வழிவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில் ஊரில் படுக்கையில் கிடந்தவர் ராயப்பன். கொத்தனாராக இருந்தவர், இப்போது விழுங்குவதே பெரும்பாடு. ஒரு துணுக்கை மட்டும் கிள்ளித் தண்ணீரோடு கொடுப்பாள். அவர் வீடு ஊர்க்கோடியில். அங்கே போகிற வழியில்தான் அமலோற்பவத்தின் சொந்த வீடு. ஒவ்வொரு ஞாயிறும் அவள் ஆண்டவரை நெஞ்சில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வாசலைத் தாண்டிப் போனாள். உள்ளே ஜன்னலோரம் கால் ஒடிந்த ஒரு கிறிஸ்தவன் உட்கார்ந்திருந்தான். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தவக்காலத்தின் ஒரு ஞாயிறு ராயப்பன் கேட்டார். "மதலை வுழுந்து கெடக்கறானாமே. அவனுக்குக் குடுத்துட்டுத்தான வர்ற?"

வேறு நேரமாக இருந்தால் அமலோற்பவம் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். கழுத்தில் சிமிழ் இருக்கும்போது பொய் வரவில்லை. "இல்லீங்க பெரியப்பா."

"ஏன்?"

"அவரு கேக்கலீங்க."

"நான் மட்டும் கேட்டனா? நீயாத்தான வர்ற," என்று சொல்லிவிட்டு ராயப்பன் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார்.

குருத்தோலை ஞாயிறு மூன்று ஊர்ப் பூசையும் முடிந்த பிறகு, மதலைமுத்து ஈஸ்டருக்கு முன்னால் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, பாவசங்கீர்த்தனம் கேட்க ஃபாதர் தைரியநாதன் வீட்டுக்கே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். அமலோற்பவம் புளியமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். உள்ளே நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவரு பாவம் இவ்வளவு நேரம் தாங்காதே, என்னைப் பத்தித்தான் போவுதோ என்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஃபாதர் வெளியே வந்ததும் அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"டீச்சர், ஈஸ்டர் அன்னைக்கு ராயப்பன் ஐயாவுக்கு ஒண்ணு, உங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணு. சிமிழ்ல ரெண்டு வெச்சுத் தர்றேன்."

"ஃபாதர், அவருக்கு மட்டும் நீங்களே வந்து குடுத்துடுங்களேன்."

"ஏன், நீங்க குடுத்தா எறங்காதா?"

"அவரு எங்கிட்ட வாங்க மாட்டாருங்க."

"அவரு வாங்க மாட்டாரா, நீங்க குடுக்க மாட்டீங்களா?"

அமலோற்பவம் தரையைப் பார்த்தாள். "மனசுல இத்தனை கோவத்த வெச்சுக்கிட்டு, இந்தக் கையில எடுத்து எப்படிங்க ஃபாதர் குடுக்கறது?"

ஃபாதருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவர் பைக்கின் சீட்டில் சாய்ந்துகொண்டார். "கோவமில்லாத கைதான் வேணும்னா எந்த ஊர்லயும் பூசை நடக்காது டீச்சர். என் கையையும் சேத்துத்தான் சொல்றேன். காலையில இந்த வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா நான் என்னென்ன பேசறேன்னு பக்கத்துல இருக்கற உபதேசியாரைக் கேளுங்க. நம்ம கை நல்ல கைங்கறதால அது சாமி ஆகறதில்ல. அது சாமிங்கறதால நம்ம கை கொஞ்சங் கொஞ்சமா நல்லா ஆகணும். ஆகலன்னா கழுவிக்க வேண்டியதுதான். உக்காருங்க, உங்க பாவசங்கீர்த்தனத்தையும் கேட்டுட்டே போறேன்."

அமலோற்பவம் சிலுவை போட்டு ஆரம்பித்தாள். "அவரு வந்து ஃபாதர், போன கார்த்திகையில..."

"அவரு பாவத்த அவரு பாத்துக்குவாரு. உங்களுது."

அவளுக்குச் சட்டென்று வண்டி நின்றுவிட்டது போல் ஆனது. அவருடையதை எடுத்துவிட்டால் தன்னுடையது எங்கே இருக்கிறது என்றே முதலில் தெரியவில்லை. பிறகு மெல்லக் கிடைத்தது. கிடைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அது அவளுக்கும் ஃபாதருக்கும் நடுவில் மட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகளோடு நின்ற குள்ளம்மாளுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை, அவள் முயற்சி செய்தும்.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து அமலோற்பவம் சிமிழை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ராயப்பன் வீட்டுக்கு முதலில் போய்விட்டுத் திரும்பி வரும் வழியில் குள்ளம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அமலு, இன்னைக்குப் பண்டிகை, கறி எடுத்தாச்சா?"

அமலோற்பவம் தலையை ஆட்டினாள்.

"ஓ, கழுத்துல இருக்குதா. சரி சரி, பேசாத." என்று சொல்லிவிட்டுக் குள்ளம்மாள் வழியெல்லாம் தானே பேசிக்கொண்டு வந்தாள். பதில் பேச முடியாத அமலோற்பவம் கிடைப்பது வாரத்தில் ஒரு வேளை, விடுவாளா? தன் மருமகள் கதை பாதிக்கு வந்தபோது அமலோற்பவத்தின் வாசல் வந்துவிட்டது. அமலோற்பவம் தாண்டிப் போகாமல் படியேறினாள். குள்ளம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே, தான் போய்த்தான் மேஜை போட்டு, விளக்கேற்றி எல்லாம் செய்யவேண்டியிருக்கும் என்று அமலோற்பவம் நினைத்திருந்தாள். ஆனால் பண்டிகைக்கென்று பெட்டியில் வைத்திருந்த புது வேட்டி நாலாக மடிந்து ஸ்டூலின் மேல் விரிந்திருந்தது. மெழுகுவத்தி எரிந்தது. விரல் கழுவ ஒரு தம்ளர் தண்ணீர். புளிக்குவியல் சாக்குப் போட்டு மூடியிருந்தது. வாக்கரின் கால்கள் அறைக்கும் அடுப்படிக்கும் எத்தனை தடவை போய் வந்தன என்பது தரையில் கோடு கோடாகத் தெரிந்தது. மதலைமுத்து சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்மைக்கு முன்னால் ஒன்றும் சாப்பிடாத விரதம் நோயாளிக்குத் தேவையில்லை என்றாலும், காலையில் அவள் வைத்துவிட்டுப் போன காப்பி ஆறி ஏடு படிந்து அப்படியே இருந்தது.

அவள் சிமிழை ஸ்டூலில் வைத்து முழந்தாளிட்டு எழுந்தாள். "இந்த வீட்டுக்குச் சமாதானம்," என்று சொல்லவேண்டும். எத்தனையோ தடவை ராயப்பன் வீட்டில் சொன்னதுதான். தன் வீட்டில் பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அடுத்து, பாவத்தை ஏற்றுக்கொள்ளும் ஜெபம். அது கடவுளிடம் மட்டும் சொல்வது அல்ல, சகோதரர்களிடமும் சேர்த்துச் சொல்வது. கோயிலில் அந்த இடத்தில் எல்லோரும் முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இங்கே முதுகு இல்லை, முகம்தான் இருந்தது. மதலைமுத்து நெஞ்சில் தட்டிக்கொண்டு சொன்னார். பல வாரம் புழங்காத குரல் துருப்பிடித்த கதவு மாதிரி வந்தது. அமலோற்பவமும் தட்டிக்கொண்டாள்.

அவள் நன்மையை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். அவர் பதில் சொல்லவேண்டும். 'ஆண்டவரே, நீர் என் வீட்டுக்கு வர நான் தகுதியற்றவன்' என்கிற பதில். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொன்னது.

"ஆண்டவரே, நீர் என்..." என்று தொடங்கி நின்றுவிட்டார்.

"கால் வலிக்குதுங்களா?"

"இல்ல." அவர் மேலே கூரை ஷீட்டைப் பார்த்தார், மூடிவைத்த புளியைப் பார்த்தார். "கோயில்ல சொல்றப்ப இது பாட்டுக்கு வந்துரும். இங்க... இது நெசமாவே என் வூடு, அமலு. ரெண்டு பேரு மூஞ்சி குடுத்துப் பேசிக்காத வூடு. இங்கயா வர்றாரு?"

அந்த இடத்தில் பேசலாமா கூடாதா என்று பயிற்சியில் சொல்லவில்லை. "வந்துட்டாருங்க," என்றாள். "இத்தனை வாரமும் வாசல் வரைக்கும் வந்தாரு. நான்தான் தாண்டிக் கூட்டிட்டுப் போயிட்டேன்."

"ஜன்னல்ல பாத்துட்டுத்தான் இருந்தேன். கேக்க வாய் வரல." பிடியை மாற்றி வாக்கரில் சாய்ந்துகொண்டார். "உன் வரிசைக்கு நான் ஏன் வரலன்னு ஊரே கேக்குது. ஃபாதருக்கு நான் சொன்ன பாவம் மட்டுந்தான் தெரியும். உனக்குச் சொல்லாததும் தெரியும். உன் முன்னாடி வந்து எப்படி நாக்க நீட்டறது? அத மறைக்கத்தான் அன்னைக்கு வேப்பமரத்தடியில அப்படி ஒரு பேச்சு."

அமலோற்பவத்துக்குக் கையில் இருந்ததை இன்னும் கெட்டியாகப் பிடிக்கவேண்டியிருந்தது. தன் கையைப் பற்றி அவள் பயந்தாள். அந்தக் கைக்கு முன்னால் அவர் பயந்திருக்கிறார். இரண்டு பயமும் ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்திருந்தும் ஒன்றுக்கொன்று தெரியாமல் இருந்திருக்கின்றன.

"ஆஸ்பத்திரியில நான் சொன்னது தப்புங்க," என்றாள்.

"அது நல்ல ஜோக்குதான்," என்றார் மதலைமுத்து. "நான் சொல்லியிருந்தா."

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. அமலோற்பவத்தின் கை குலுங்கியது. ஐயோ என்று இன்னொரு கையால் அடியில் ஏந்திக்கொண்டாள். வாசலில் குள்ளம்மாள், இது பூசையா பஞ்சாயத்தா என்று புரியாமல் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து அந்தப் பதிலை முழுசாகச் சொன்னார். வார்த்தை வார்த்தையாக, முதல்தடவை சொல்கிறவர் மாதிரி.

"கிறிஸ்துவின் திருவுடல்," என்றாள் அமலோற்பவம்.

"ஆமென்," என்று சொல்லி மதலைமுத்து நாக்கை நீட்டினார். அந்த நாக்கு செய்த அத்தனை வம்பும் தெரிந்தவள், அதன்மேல் ஆண்டவரை வைத்தாள். கை நடுங்கவில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் விரலைக் கழுவினாள். வெளியே ஒரு ஆடு கத்தியது. குள்ளம்மாள் அதை உஸ் என்று அதட்டினாள். அதைத் தவிர வீட்டில் சத்தம் இல்லை. பல வாரமாகச் சத்தம் இல்லாத வீடுதான். ஆனால் இது வேறு.

ஜெபமெல்லாம் முடிந்து மெழுகுவத்தியை அணைத்த பிறகு குள்ளம்மாள் உள்ளே வந்தாள். "ஏன் அமலு, அதுல எனக்கு ஒரு துண்டு கெடையாதா? பிரசாதந்தான?"

"இல்லீங்கக்கா. பிரசாதம் நாம சாமிக்குப் படைச்சுட்டுத் திங்கறது. இது சாமி தன்னையே நமக்குப் படைக்கறது. ஞானஸ்நானம் வாங்கி, இது இன்னதுன்னு நம்பி வர்றவங்களுக்குத்தான்."

குள்ளம்மாள் மூடிய சிமிழை எட்டிப் பார்த்தாள். "அப்ப சாமியே சோறா?"

"ஆமாங்கக்கா."

"பாவம்தான் சாமி. உங்க ரெண்டு பேரு வாய்க்குள்ளயும் போய் என்ன பாடு படுதோ."

மதலைமுத்து கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அதுக்குத்தான் அவரு செத்தும் எழுந்திரிச்சவரு. நம்ம வாய்க்கெல்லாம் அசர மாட்டாரு."

அன்று குள்ளம்மாள் பெரிய கிண்ணம் நிறையக் கறிக்குழம்போடுதான் வீட்டுக்குப் போனாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அமலோற்பவம் தன் வீட்டுப் படி ஏறினாள். மே மாதம் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கைத்தடியோடு நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அடுத்த ஞாயிறு கோயிலுக்குக் கிளம்பலாம் என்றால், "இன்னும் குத்துது அமலு, இந்த வாரமும் நீயே கொண்டாந்துடு," என்றார் மதலைமுத்து. அதற்கடுத்த வாரமும் குத்தியது. குள்ளம்மாள்தான் விஷயத்தை உடைத்தாள்.

"நேத்து எங்க கெடா உங்க கொத்தமல்லிப் பாத்தியில வாய் வெச்சுச்சு. அண்ணன் தடியே இல்லாம ரோடு வரைக்கும் தொரத்திட்டு வந்தாரே. என்ன ஓட்டம்!"

அமலோற்பவம் வீட்டுக்குள் போனாள். "கால் எப்படிங்க இருக்குது?"

"குத்துது."

"ஆட்டுக்குக் குத்தலியாம்."

மதலைமுத்து தடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு, "வூட்டுக்கு வர்றவர எதுக்கு நிறுத்தறதுன்னுதான்," என்றார். "அந்த நேரத்துக்கு இந்த வூடு வேற மாதிரி இருக்குது, அமலு. நீ மேஜை போடற, நான் விளக்கு ஏத்தறேன். கோயிலுக்கு வந்துட்டா அது போயிருமே."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அது படுத்துக் கெடக்கறவங்களுக்குங்க," என்றாள். "ராயப்பன் பெரியப்பா நடக்க முடியாதவரு. நீங்க ஆட்டைத் தொரத்தறவரு. எந்திரிச்சு வாங்க. மேஜையையும் விளக்கையும் வேணும்னா தினம் போட்டு ஜெபம் சொல்லலாம். அதுக்கு ஆயர்கிட்ட அனுமதி வாங்கத் தேவையில்ல."

ஜூனில் ஆண்டவரின் திருவுடல் திருவிழா ஞாயிறன்று மதலைமுத்து கைத்தடியோடு கோயிலுக்கு வந்தார். நன்மை நேரத்தில் எல்லாத் தலைகளும் பாதி திரும்பியிருந்தன. அன்று டீச்சர் வரிசைதான் நீளமாக இருந்தது. ஃபாதர் முன்னால் ஆள் குறைவு. மதலைமுத்து நீளமான வரிசையின் கடைசியில் போய் நின்றார். மனைவியின் முன்னால் வந்ததும் ஏதாவது சொல்லப்போகிறார் என்று பாடகர் குழுவே ஒரு வரியை மெதுவாகப் பாடியது. அவர் ஆமென் மட்டும் சொன்னார். தன் இடத்துக்குப் போய், முழந்தாளிட முடியாமல், உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கு லேசான ஏமாற்றம்தான்.

பூசை முடிந்து அமலோற்பவம் சிமிழோடு ராயப்பன் வீட்டுக்குக் கிளம்பினாள். தெருமுனையில் பின்னால் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. மதலைமுத்து ஒரு கையில் தடியும் மறு கையில் மெழுகுவத்தியும் தீப்பெட்டியுமாக வந்துகொண்டிருந்தார். அவள் பேச முடியாது. அதனால் நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள். அவரும் பேசவில்லை. டீக்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.